மணி 10.58

ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ் என்ற கனடியச் சிப்பாய் 1918 நவம்பர் 11 அன்று காலை 10.58க்கு இறந்தார். முதல் உலகப் போர் 11 மணிக்கு ஓய்ந்தது. அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு நேரங்களைத்தான் சொல்வார்கள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் என்று யாராவது இழுப்பார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

டொராண்டோவில் நவம்பர் பிறக்கும்போது காப்பிக் கடைக் கல்லாவருகே, போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் பாப்பிப் பூப் பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். சில்லறை போட்டுவிட்டு ஒரு பூவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் போர்க் கதைகள் சொல்வார்கள். என் மகள் ஒரு முறை பிரைஸ் கதையைக் கேட்டுக்கொண்டு வந்து, "பாவம், துரதிர்ஷ்டசாலி" என்று முடித்துவிட்டாள். எனக்கு அது உறுத்தியது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பெரியவர்களே கதையை அப்படித்தான் சொல்கிறார்கள். துரதிர்ஷ்டம் என்றால் தலையில் இடி விழுவது, பனியில் வழுக்கிக் கார் புரள்வது. 11 மணி என்ற நேரத்தை மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குறித்தார்கள். கையெழுத்துக்கும் அந்த நேரத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்தை விட்டுவைத்தவர்களும் அவர்களே. எல்லாப் பழியையும் விதியின் தலையில் போட்டால் அவர்களுக்கு வசதிதான்.

பிரைஸ் பிறந்தது 1892 டிசம்பர் 15, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஃபால்மவுத்தில். கனடாவின் அட்லாண்டிக் ஓரம் அது. ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த பகுதி. வாலிப வயதில் அங்கிருந்து கிளம்பி நாட்டின் நடுவயிற்றுக்கு, சஸ்காச்சுவான் மாகாணத்தின் மூஸ் ஜா ஊருக்குப் போய்விட்டார். அப்போது கோதுமைப் புல்வெளிகளில் ஆளுக்குத் தட்டுப்பாடு. கிழக்குக் கரையிலிருந்து அறுவடைக்கு ஆளேற்றிப் போகவே தனி ரயில்கள் ஓடின. இருக்கும் ஊரில் பிழைப்பு மெலிந்தால் மேற்கே ரயிலேறுவது அந்தத் தலைமுறை இளைஞர்களின் வழக்கம். மூஸ் ஜாவில் பிரைஸ் பண்ணைக் கூலியாக வேலை பார்த்தார். படிப்பு, பதவி, குடும்பப் பெருமை என்று எதுவும் அவர் பெயரோடு சேர்ந்து வருவதில்லை.

1917 அக்டோபரில் அவரைப் படைக்குக் கூப்பிட்டார்கள். 'கூப்பிட்டார்கள்' என்பது மரியாதைக்குச் சொல்வது. கட்டாயப் படைச் சேவையில் பிடிக்கப்பட்டவர் அவர். கனடா தன் போர் வரலாற்றைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அத்தியாயம் இது. 1914இல் இளைஞர்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள். 1917 ஏப்ரலில் பிரான்ஸின் விமி மேட்டில் நான்கே நாட்களில் 3,598 கனடியர்கள் இறந்த பிறகு வரிசை மெலிந்தது. பிரதமர் ராபர்ட் போர்டன் அந்த ஆண்டு ஆகஸ்டில் கட்டாயச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் கொதித்தது. 1918 ஈஸ்டர் வாரத்தில் கியூபெக் நகரத்தில் கலவரம் மூண்டு, ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் செத்தார்கள். ஆங்கிலம் பேசும் பண்ணைக் குடும்பங்களும் முணுமுணுத்தன. தேர்தலுக்கு முன் அவர்களுடைய பிள்ளைகளுக்கு விலக்கு என்று வாக்குக் கொடுத்த அரசு, தேர்தல் முடிந்து சில மாதங்களில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தேர்தல் வாக்குறுதிகளின் ஆயுள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்படித் திரட்டப்பட்டவர்களில் 24,132 பேர் பிரான்ஸின் போர்முனை வரை போனார்கள். தன்னார்வலர்கள் அவர்களை ஏளனமாகப் பார்த்ததும், பின்னால் எழுதிய பலரும் அவர்களை ஒரு அடிக்குறிப்பாக ஒதுக்கியதும் நடந்தது. ஆனால் 1918 ஆகஸ்ட் 8 அன்று அமியானில் தொடங்கிய கடைசி நூறு நாள் முன்னேற்றத்தில் கனடியப் படை இழந்தவர்கள், செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சேர்த்து, 45,000 பேருக்கு மேல். அந்த ஓட்டைகளை அடைத்தவர்கள் யார்? பிரைஸ் மாதிரியான பண்ணைக் கூலிகள். அவர் 28ஆம் பட்டாலியனில், வடமேற்குப் பட்டாலியன் என்று அழைக்கப்பட்ட படைப்பிரிவில், சேர்க்கப்பட்டார். தன்னார்வலர்களின் வீரத்தைக் கொண்டாடும் நாடு, அந்தப் போரில் தன்னுடைய கடைசிச் சாவாக நினைவில் வைத்திருப்பது கட்டாயத்தில் போன ஒருவரை. யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. எனக்கு இதில் ஒரு நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனி அந்த 11 மணிக்கு வருவோம்.

நவம்பர் 8ஆம் தேதி காலை ஜெர்மன் தூதுக்குழு, கொம்பியேன் காட்டில் நிறுத்தியிருந்த ஒரு ரயில் பெட்டிக்குள் போனது. குழுவின் தலைவர் மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர். எதிரே நேச நாட்டுப் படைகளின் தளபதி மார்ஷல் ஃபோஷ். நிபந்தனைகளைப் பரிசீலிக்கும் நாட்களிலாவது சுடுவதை நிறுத்தலாமே என்று எர்ட்ஸ்பெர்கர் கேட்டார். ஃபோஷ் மறுத்தார். முடிவு சொல்ல 72 மணி நேரம் கெடு, அதுவரை போர் நடக்கும் என்றார். அந்தக் கெடு முடியும் நேரம்தான் நவம்பர் 11, காலை 11 மணி. பதினொன்றாம் மாதத்தின் பதினொன்றாம் நாளின் பதினொன்றாம் மணி என்று நினைவுநாள் உரைகளில் தழுதழுக்கச் சொல்கிறார்களே, அதில் கவிதை ஒன்றுமில்லை. வாடகை பாக்கிக்கு வைக்கும் கெடுவைப் போன்ற ஒரு கெடு.

கெடுவின் கடைசி இரவில் ஜெர்மானியர்கள் ஒப்புக்கொண்டார்கள். விடியற்காலை 5 மணி கடந்து சில நிமிடங்களில் கையெழுத்து விழுந்தது. கையெழுத்தான ஆறு மணி நேரத்தில் போர் நிற்கும் என்பது முதல் ஷரத்து. கணக்குக்கு வசதியாக 5 மணி என்றே குறித்துக்கொண்டார்கள். செய்தி கனடியப் படைத் தலைமையகத்துக்கு 6.30 மணிக்கு வந்தது. அங்கிருந்து டிவிஷன், பிரிகேட், பட்டாலியன் என்று படியிறங்கி, கடைசியில் ஓட்டக்காரச் சிப்பாய்களின் கையில் காகிதமாக, கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவுகளைத் தேடிப் போக வேண்டும். ஆறு மணி நேரம் வேண்டும் என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். வட கடல் முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை நீண்ட போர்முனைக்குச் செய்தி சேர வேண்டாமா என்பார்கள். சரி, சேரட்டும். செய்தி கைக்குக் கிடைத்த பிறகும் முன்னேறச் சொன்னது ஏன் என்பதற்குத்தான் பதிலில்லை. பல இடங்களில் 11 மணிக்குள் எங்கே நிற்கிறோமோ அதுவே நம் கோடு என்ற எண்ணம் தளபதிகளுக்கு இருந்தது. முடிகிற போரில் இன்னும் ஒரு கிராமம், ஒரு பாலம், ஒரு கால்வாய்.

கால்வாய் என்றதும் பிரைஸிடம் வந்துவிட்டோம். பெல்ஜியத்தின் எய்னோ மாகாணத்தில், மோன்ஸ் நகரத்துக்குக் கிழக்கே, வீல்-சுர்-எய்ன் என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டிச் சான்த்ர் கால்வாய் ஓடுகிறது. நிலக்கரிப் படகுகள் போகவர வெட்டியது. படகுகளைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துத் தூக்கி மேல்மட்டக் கால்வாயில் விடும் பழைய நீரியல் தூக்கிகள் அந்தப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன, அவற்றைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். நவம்பர் 11 காலை 28ஆம் பட்டாலியன் இந்தக் கால்வாயின் கரையை எட்டியிருந்தது.

அக்கரையில் வரிசையாகச் செங்கல் வீடுகள். பிரைஸின் தோழர் ஆர்ட் குட்மர்ஃபி பின்னாளில் சொன்ன சாட்சியத்தின்படி, அந்த வீடுகளின் மேல்மாடியில் சில செங்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்ததை இவர்கள் கவனித்தார்கள். சுவரில் செங்கல் இல்லாத ஓட்டை என்றால் அதற்குள்ளிருந்து துப்பாக்கிக் குழாய் எட்டிப்பார்க்கலாம். இந்தக் கரையில் திறந்த வெளியில் நிற்பவர்களுக்கு அது நிம்மதி தரும் காட்சியா? ஐந்து பேர் பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள். மேலிருந்து வந்த கட்டளை இல்லை, அவர்களாகவே எடுத்த முடிவு.

இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே பாலத்தைக் கடந்தார்கள். முதல் வீட்டின் முன்வாசலில் இவர்கள் நுழையும்போது ஜெர்மானியர்கள் பின்வாசல் வழியே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டுக்குள் போனார்கள். அங்கேயும் ஆளில்லை, வீட்டுக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். நான்கு வருடம் ஆக்கிரமிப்பில் இருந்த ஊர் அது. யார் எந்த மூலையிலிருந்து சுடுகிறார்கள் என்பது, நேற்று வந்த சிப்பாயைவிட அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே போகாதீர்கள் என்று எச்சரித்தார்கள். பிரைஸ் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தார். குண்டு மார்பில் பாய்ந்தது.

தெருவுக்கு எதிர்ப்புறமிருந்து ஒரு இளம்பெண் ஓடி வந்தார். குறிபார்த்துச் சுடுபவன் இன்னும் அங்கேயே இருக்கிறான் என்பது தெரிந்திருந்தும் வந்தார். பிரைஸை ஒரு வீட்டுக்குள் இழுத்துப் போட்டு அவரைப் பிழைக்கவைக்கப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை உயிர். இருபத்தாறு வயது நிறைய அவருக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

இந்தக் கதையில் யாரும் பெரிதாகப் பேசாத ஆள் அந்தப் பெண்தான். அவருக்குக் கட்டளை கொடுக்க மேலதிகாரி யாரும் இல்லை. போர் முடியும் நேரம் எது என்று தந்தி அனுப்பவும் யாரும் இல்லை. கண்ணெதிரே ஒருவர் விழுந்தார், அவ்வளவுதான் தெரியும். அன்றைய காலையில் மார்ஷல்களும் ஜெனரல்களும் எடுத்த முடிவுகளையெல்லாம் வைத்துப் பார்த்தால், எனக்கு எந்தக் கேள்வியும் எழாத ஒரே முடிவு அவருடையது.

தெருவில் கால் வைத்தது பிரைஸின் தவறுதானே என்று கேட்கலாம். கட்டளையில்லாமல் பாலம் கடந்ததும் அவர்கள் பொறுப்புதானே என்றும் கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. எதிரே ஓட்டை போட்ட சுவர் இருக்கும்போது, போர் நடந்துகொண்டிருக்கும்போது, தன் ஆட்களைக் காப்பாற்ற ஐந்து பேர் முன்னே போவது சிப்பாய்த் தொழிலின் அரிச்சுவடி. மாதக்கணக்கில் அதைத்தானே அவர்களுக்குப் பழக்கினார்கள். பழக்கப்படுத்திய வேலையைச் செய்தவரிடம், இன்றைக்கு மட்டும் ஏன் செய்தாய் என்று கேட்பது என்ன நியாயம்?

கனடாவிலும் இந்தக் கேள்வி எழுந்தது, ஆனால் குறி வேறு. படைத் தளபதி ஆர்தர் கறி மீது பாய்ந்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை ஜெர்மானியரிடம் முதலில் மோதிப் பின்வாங்கிய ஊர் மோன்ஸ். அதே ஊரைப் பிடித்துப் போரை முடித்தோம் என்ற பெருமைக்காகக் கடைசி மணி நேரத்தில் பிள்ளைகளைப் பலிகொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ், வழக்குப் போட முடியாத பாதுகாப்பில் நாடாளுமன்றத்துக்குள் நின்று 1919இல் இதைச் சொன்னார். 1927 ஜூனில் ஒன்டாரியோவின் போர்ட் ஹோப் என்ற சிறிய ஊரின் பத்திரிகை இதையே முதல் பக்கத்தில் எழுதியது. கறி அப்போது மெக்கில் பல்கலைக்கழகத்தின் தலைவர். பேசாமல் விட்டிருந்தால் அந்த ஊரைத் தாண்டி யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் 50,000 டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார்.

1928 ஏப்ரலில் கோபர்க் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு காலை நேரத்தை, சாட்சிக் கூண்டில் நின்று மணி மணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். யாருக்கு எப்போது செய்தி வந்தது, யார் எங்கே நின்றார், யார் எப்போது செத்தார். ஜூரி கறி பக்கம் தீர்ப்புச் சொன்னது. கூடவே வழக்குச் செலவையும் 500 டாலரையும் கொடுத்தது. கேட்டதில் நூற்றில் ஒரு பங்கு. வெற்றிதான், ரயில் நிலையத்தில் ஆரவாரம்தான். இருந்தாலும் அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம், ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்கள் முழு மனதோடு எழுந்து போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் எண்ணத்தைக் கேட்டால், கறியைக் கூண்டில் ஏற்றியது ஆள் மாறாட்டம். மோன்ஸ் நகரம் விடிவதற்குள் கனடியர் கைக்கு வந்துவிட்டது. பிரைஸ் செத்தது நகரத்துக்கு வெளியே, கிழக்கே முன்னேறிக்கொண்டிருந்த இன்னொரு டிவிஷனில். கறியும் மேலிருந்து வந்த கட்டளைப்படி நடந்தவர். நவம்பர் 9ஆம் தேதிகூட, எதிரிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் எல்லாத் தளபதிகளுக்கும் தந்தி அடித்தவர் ஃபோஷ். ரயில் பெட்டியில், இப்போதே நிறுத்தலாம் என்று எதிரியே கேட்டபோது முடியாது என்றவரும் அவரே. அவரை எந்த ஊர்ப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் வைத்துத் திட்டியதாகத் தெரியவில்லை. பாரிஸில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பிரைஸ் இப்போது மோன்ஸுக்கு அருகே, செயின்ட் சிம்ஃபோரியன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். போர் நடந்துகொண்டிருந்தபோதே ஜெர்மானியர்கள் அமைத்த தோட்டம் இது. நிலத்தைக் கொடுத்த பெல்ஜியக்காரர் ஒரு நிபந்தனை விதித்தார். இரு தரப்பில் செத்தவர்களுக்கும் ஒரே மரியாதை. அதனால் 284 ஜெர்மானியர்களும் 229 காமன்வெல்த் வீரர்களும் ஒரே மரங்களின் கீழ் கிடக்கிறார்கள். இந்தப் போரில் இறந்த முதல் பிரிட்டிஷ் சிப்பாயாகக் கருதப்படும் ஜான் பார் இங்கேதான் புதைக்கப்பட்டார். 1914 ஆகஸ்ட் 21, வயது பதினேழு. அவருக்கு எதிரே சில அடி தள்ளிப் போரின் கடைசி பிரிட்டிஷ் சாவான ஜார்ஜ் எலிசன். லீட்ஸ் நகரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வயது நாற்பது. 1914இல் இதே மோன்ஸில் சண்டையிட்டவர், நான்கு வருடம் தப்பித்தவர், 11ஆம் தேதி காலை 9.30க்கு இதே மோன்ஸின் ஓரத்தில் செத்தார். மனைவியும் ஒரு சின்ன மகனும் இருந்தார்கள். பாரையும் எலிசனையும் எதிரெதிரே வைக்க வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை, தற்செயலாக அமைந்தது.

கடைசி ஆட்கள் ஒவ்வொரு படைக்கும் ஒருவர் உண்டு. அமெரிக்கர்களுக்கு ஹென்றி கன்தர். பால்டிமோர் நகரத்துக்காரர், ஜெர்மன் வம்சாவளி. போரைக் குறை சொல்லி வீட்டுக்குக் கடிதம் எழுதியதற்காகப் பதவி இறக்கப்பட்டவர். 10.59க்கு இயந்திரத் துப்பாக்கியை நோக்கித் தனியே ஓடினார். ஜெர்மானியர்களே திரும்பிப் போ என்று கையாட்டினார்கள், நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒகுஸ்தான் ட்ரெபுஷான். லோசேர் மலைப் பகுதியில் ஆடு மேய்த்தவர். மியூஸ் ஆற்றங்கரையில் விழுந்தபோது அவரிடம் இருந்த செய்தி, 11.30க்குச் சூப் கிடைக்கும், எல்லோரும் வந்து சேருங்கள் என்பது. அந்தக் காலையில் மட்டும் மேற்கு முனையில் 2,738 பேர் செத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இவர்களுக்கெல்லாம் மணியும் நிமிடமும் இருப்பதே ஒரு விசித்திரம். அந்தப் போரில் செத்தவர்களில் எத்தனையோ பேருக்குத் தேதியே கிடையாது. இன்ன நாளிலிருந்து இன்ன நாளுக்குள் என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். பிரான்ஸில் விழுந்து உடல் அடையாளம் தெரியாமல் போன 11,285 கனடியர்களின் பெயர்கள் விமி நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பலர் எப்போது, எந்தப் பள்ளத்தில் முடிந்தார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. போருக்கு முடியும் நேரம் என்று ஒன்று குறிக்கப்பட்டதால்தான் அன்று ஒவ்வொருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அந்த நிமிடங்கள் சிலருக்குச் சங்கடமாகவும் இருந்தன. வ்ரின்-மியூஸ் ஊர்க் கல்லறையில் ட்ரெபுஷான் பெயருக்குக் கீழே இறந்த நாள் நவம்பர் 10 என்று இருக்கிறது. அன்று அவரோடு விழுந்தவர்களுக்கும் அப்படியே. பென்ஷனுக்காக என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், போர் முடிந்த நாளில் செத்தான் என்று எழுத ராணுவத்துக்கு வெட்கமாக இருந்தது என்பார்கள் சிலர். எப்படியிருந்தாலும் ஒரு பேனா ஒரு நாளை முன்னுக்குத் தள்ளிவிட்டது.

பிரைஸ் விஷயத்தில் அப்படி நடக்க அவருடைய கம்பெனிக்காரர்கள் விடவில்லை. ஐம்பது வருடம் கழித்து, 1968 நவம்பர் 11 அன்று, உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பலகை பதித்தார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள். பின்னால் அந்த வீடு இடிக்கப்பட்டபோது ஊர்க்காரர்கள் பலகையைப் பத்திரமாக எடுத்துச் செங்கல்லும் கல்லும் சேர்ந்த ஒரு சிறு சின்னத்தில் வைத்தார்கள். 1991இல் கால்வாயின் குறுக்கே கட்டிய நடைபாலத்துக்கும் அவர் பெயரே வைத்தார்கள். பலகையில் தியாகம், வீரம், தாயகம் என்ற சொற்கள் எதுவும் இல்லை. படை எண் 256265, பெயர், பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், இந்த இடத்துக்கு அருகே கொல்லப்பட்டார், மணி 10.58. அவருடைய தோழர்கள் வைத்தது. நேரத்தை மாற்றி எழுதச் சொல்லி அவர்களுக்கு யாரும் உத்தரவிடவில்லை. உத்தரவிட்டிருந்தாலும் அந்தக் கிழவர்கள் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.